தம்பியின் நாள் ஆறு மணிக்கு

குறித்த நேரத்தில் கணினியில் ஒரு வேலையைத் தானாக ஓடவைக்கும் சின்ன நிரல், லைப்ரரி என்போம், ஒன்றை என் தம்பி எழுதினான். உலகத்துக்காக அல்ல, குத்தாலத்தில் எங்கள் வயலில் இருக்கும் போர் மோட்டாருக்காக. மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் மோட்டார் ஓட வேண்டும், போவதற்குள் நிற்க வேண்டும். வரப்பில் நடக்கச் சோம்பல்பட்டு எழுதிய லைப்ரரி என்று நான் கிண்டல் செய்வேன். "நீ வந்து நடந்து பாரேன்" என்பான்.

மயிலாடுதுறை சாலையில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஓய்வு நேரத்தில், மற்றவர்கள் எழுதிய நிரல்களை ஒரு லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புக்காக பேக்கேஜ் செய்து தருகிறவன் நான். யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி கட்டிக் கொடுப்பதுதான் வேலை. தம்பியின் லைப்ரரியையும் அதில் ஏற்றிவிட வேண்டுமென்று எனக்கு வெறியே பிடித்தது. அவன் எழுதியது எங்காவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

ஏற்றுவதற்கு முன் அதைச் சரிபார்த்தவர் வெளிநாட்டுக்காரர், நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை 02:00, அதாவது வியாழன் நள்ளிரவு தாண்டி வரும் இரண்டு மணி, என்று கொடுத்தால் ஒரு நாள் தள்ளி சனிக்கிழமை 02:00 மணிக்கு ஓடுகிறது, திருத்துங்கள் என்று எழுதினார். நிரலைத் திறந்து பார்த்தேன். தம்பி ஒரு நாளை நள்ளிரவில் தொடங்காமல் காலை ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் கரண்டை அப்பா "நேத்து கரண்டு" என்றுதான் சொல்வார். பொழுது விடியாமல் எங்களுக்கு மறுநாள் கிடையாது. அது தப்பென்று அவனுக்குத் தோன்றியே இருக்காது.

சண்டை போட்டேன். இது பிழையில்லை, எங்கள் ஊர் வழக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மற்ற ஊர்க்காரர்கள் ஏமாந்துபோவார்களே என்று அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். கடைசியில் ஆறை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

அப்பா களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அவன் போட்டது தப்பாப்பா?" என்று கேட்டார்.

"தப்பு இல்லப்பா. வெளியூர்க்காரங்களுக்கு ஒத்துவராது."

"அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்தியிருக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கிளறத் தொடங்கினார். நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

எங்கள் வேலையிலும் அதே வழக்கம்தான். எதைத் திருத்தினாலும் அந்தத் திருத்தத்தை நிரலை எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினோமா என்பதைத் திருத்தத்தின் தலைப்பகுதியில் குறிக்க வேண்டும். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ 'தேவையில்லை' என்றோ போடலாம்; 'இல்லை' என்றால் இனிமேல்தான் அனுப்ப வேண்டும் என்று பொருள். 'தேவையில்லை' என்று அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமாகப் பார்த்தால் அதுதான் பதில். மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டு 'இல்லை' என்று போட்டேன். அப்புறம் அழுதேன்.

பேக்கேஜ் ஏறிவிட்டது. அதன் இணையப் பக்கத்தைத் திறந்தால், எழுதியவருக்கு அனுப்ப வேண்டிய திருத்தம் ஒன்று பாக்கியிருக்கிறது என்று எப்போதும் ஒரு நினைவூட்டல் நிற்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்றினால் போய்விடும். மாற்ற மாட்டேன். அவனுக்கு அனுப்ப இன்னும் ஒன்று பாக்கி இருக்கட்டும்.