உப்புத் தண்ணியில பொலி சொன்னேன்

அன்னைக்கு அந்தப் படகுல இருந்தவங்க இவங்கதான்: நான், என் வீட்டுக்காரர், அவரோட தங்கச்சி ராணி, எங்க மக கவிதா, படகு ஓட்டுற நஸீர். வேற மனுசங்க யாரும் இல்ல. நம்ம கோயில் மாரியம்மா இருந்தா. ஆனா அந்த நேரத்துல எனக்கு அப்பிடித் தெரியல, அவ எங்கயோ போயிட்டான்னுதான் நெனச்சேன்.

நம்ம கோயில் வெள்ளிக்கிழமை பூசைக்கு வர்ற எல்லாருக்கும் என்னைத் தெரியும். லிந்துலையில இந்தத் தேயிலைத் தோட்டத்துலயே பொறந்து, ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டுட்டு, கொழுந்துக் கூடைய முதுகுல மாட்டினவ. பயந்தாங்கொள்ளின்னும் தெரியும். மழை பெஞ்சா நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால மண்ணு சரியுமோன்னு பயம். பஸ்ஸு வளைவுல திரும்பினா பயம். போன் அடிச்சா பயம், அடிக்காட்டியும் பயம். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க.

கவிதா திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரையில ஒரு சின்ன விடுதியில வேல செய்யிறா. மொதல்ல அறை கூட்டுற வேலன்னு சொன்னா. அப்புறம் நீச்சல் படிச்சிட்டேன்னு சொன்னா. அதுக்கும் அப்புறம் ஒரு நாள், வெளிநாட்டுக்காரங்கள படகுல கூட்டிட்டுப் போயி, கண்ணையும் மூக்கையும் மூடுற மாதிரி கண்ணாடி மாட்டி, வாயில குழாய் வச்சு, கடலுக்குள்ள மீனும் பவளப்பாறையும் காட்டுற வேலன்னு சொன்னா. அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

வெள்ளிக்கு வெள்ளி அம்மா முன்னால ஒரே வேண்டுதல்தான். "தாயே, என் புள்ளைய கடல்லருந்து எடுத்து வீட்டுல கொண்டாந்து விடு." நெய் வெளக்கு போட்டேன். தீச்சட்டி எடுத்தேன். ஒண்ணும் நடக்கல. போன்ல அழுதேன். அவ போன் எடுக்கிறத கொறச்சா. கடைசியில எடுக்கவே இல்ல. கோயில்ல நீங்கெல்லாம் "அம்மா பாத்துக்குவா, பயப்படாத"ன்னு சொன்னீங்க. மன்னிச்சுக்கங்க, அதக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துச்சு. பயப்படாதன்னு சொன்னா பயம் போயிருமா? பசிக்காதன்னு சொன்னா பசி அடங்குமா?

போன ஆவணியில நம்ம ஆளுங்க திருகோணமலைக் கோயிலுக்கு வேன் போட்டாங்களே, நான் அதுல ஏறினது சாமி கும்பிட இல்ல. மகளக் கூட்டிட்டு வரத்தான். விடுதி வாசல்ல அவளப் பாத்ததும் சொன்னேன்.

"துணியெல்லாம் எடு. வேன்ல எடம் இருக்கு."

"எப்பிடி இருக்க, சாப்டியா, ஒண்ணும் கேக்க மாட்டியாம்மா?"

"கேட்டா போன் எடுக்கிறியா நீ?"

அவ என் பைய வாங்கித் திண்ணையில வச்சா. அப்புறம், "ஒரே ஒரு தடவ தண்ணியில மூஞ்சிய வச்சுப் பாரு. பாத்திட்டு அப்பயும் வேணாம்னு சொன்னா நான் வந்திர்றேன். பாக்காமலே வேணாம்னா வர மாட்டேன்"னா.

"அவ சொல்றது ஞாயந்தானே" அப்பிடின்னாரு என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே ஞாயந்தான். எறங்கப் போறது நான்ல.

மறுநாள் மத்தவங்க வெந்நீர் கெணறு பாக்கப் போனாங்க. நாங்க படகுக்குப் போனோம். அங்கதான் ஒரு முட்டாள்தனம் செஞ்சேன். மழைக்காலத்துல மலை ஏறுறதுக்கு முன்னால ரத்தம் குடிக்கிற அட்டை ஏறாம இருக்க கால்ல துணி துவைக்கிற சவுக்காரம் தேச்சுக்குவோம்ல? ஈரம்னாலே எனக்கு அட்டை ஞாபகந்தான். யாருக்கும் தெரியாம காலு, கையி, கழுத்துன்னு ஈரச் சவுக்காரத்தக் கனமா தேச்சிட்டேன். படகுல கால வச்சதும் சறுக்கி விழுந்தேன். தூக்கிவிட வந்த நஸீரோட பிடியும் நழுவிருச்சு.

"என்னக்கா, மீன விட நீங்க வழுக்குறீங்க?"

ராணி மோந்து பாத்தா. "அய்யோ அண்ணி! அட்டைக்குச் சவுக்காரமா?"

"கடல் முழுக்க உப்புக்கா. ஒங்க மலை அட்டை இதுல ஒரு நிமிசம் நிக்குமா?"ன்னாரு நஸீர்.

உப்பு பட்டா அட்டை சுருண்டு விழுகும். அது எனக்குத் தெரியாதா? பயத்துல புத்தி வேல செய்யல. மூணு பேரும் சிரிச்சாங்க. கவிதா மட்டும் சிரிக்கல.

கடலுக்குள்ள ஒரு சின்னத் தீவுக்குக் கிட்டப் படக நிப்பாட்டினாங்க. மெதக்குற சட்டை போட்டுவிட்டாங்க. நஸீர் தன்னோட நல்ல கண்ணாடியத் தந்தாரு. அது இறுக்குதுன்னு நான் விரல விட்டு விட்டுச் சரிசெஞ்சேன், அந்தச் சவுக்காரக் கையாலயே. தண்ணியில எறங்கினதும் கண்ணு ரெண்டும் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. கடல்தான் என் கண்ண அவிக்குதுன்னு கத்தினேன். வாயெல்லாம் உப்பு. கண்ணாடியப் பிச்சு எறிஞ்சேன். என்னை மூட்டை மாதிரி தூக்கிப் படகுல போட்டாங்க. கவிதா முங்கி முங்கித் தேடினா, கண்ணாடி கெடைக்கல.

ஏறி வந்து உக்காந்தா. என்னைத் திட்டல. கயித்த ஒழுங்கா சுருட்டி வச்சா. நஸீர அவ அண்ணன் மொறையில "நானா"ன்னுதான் கூப்பிடுவா. "நானா, நாளைக்கு வர்ற ஆளுங்களுக்கு வேற யாரையாவது பாருங்க"ன்னு நஸீர்கிட்ட சொன்னா. அப்புறம் அவங்க அப்பாவப் பாத்து, "வேன் எத்தன மணிக்குப்பா? நானும் வர்றேன்"னா.

நான் கேட்டது கெடச்சிருச்சு. தீச்சட்டி எடுத்துக் கேட்டது. அவ மூஞ்சியப் பாத்தேன். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம், தம்பியப் பாத்துக்க"ன்னு எங்கப்பா சொன்ன அன்னைக்கு நான் புத்தகத்த அடுக்கி வச்சது இப்பிடித்தான். அழாம. ஒழுங்கா.

எனக்கு மாரியம்மா மேலயே கோவம் வந்துச்சு. இத்தன நாளும் குடுக்காதத இப்ப எதுக்குடி குடுக்கிறன்னு மனசுக்குள்ள கேட்டேன். வாடி போடின்னே கேட்டேன், மறைக்கல. அப்புறம் வேண்டினேன். "தாயே, நான் கேட்டத நீயே எடுத்துக்க. எனக்கு அது வேணாம். தண்ணியில மூஞ்சிய வைக்க மட்டும் தைரியம் குடு."

தைரியம் வரல. அம்மாவுக்குச் சாட்சி சொல்றப்ப பொய் சொல்லக் கூடாது. படகு ஓரத்தப் பிடிச்ச கைய எடுக்க முடியல. ஆனா ஒண்ணு நடந்துச்சு. புது மலையில கொழுந்தெடுக்க எறங்கும்போது, மொதல் பிடி கொழுந்தக் கண்ணுல ஒத்தி, கொழுந்து பெருகட்டும்னு "பொலி, பொலி" சொல்லித்தானே கூடையில போடுவோம்? செங்குத்தான சரிவா இருந்தாலும், குளவிக்கூடு இருக்குன்னு சொன்னாலும், பொலி சொல்லிட்டா கால் தன்னால எறங்கும். அந்தச் சொல்லு என் வாயில வந்துச்சு. நான் நெனச்சுச் சொல்லல. அம்மாதான் எடுத்துக் குடுத்தா.

குடிக்கிற தண்ணிய ஊத்தி கைச் சவுக்காரத்தக் கழுவினேன். கடல் தண்ணி ஒரு கை அள்ளிக் கண்ணுல ஒத்தினேன். "பொலி... பொலி..."

"பொலி"ன்னாரு என் வீட்டுக்காரர், பழக்கத்துல. ராணியும் சொன்னா.

"என்ன சொல்றாங்க தங்கச்சி?"ன்னு நஸீர் முழிச்சாரு.

"வேலையத் தொடங்கிட்டாங்க நானா" அப்பிடின்னு சொல்லிக்கிட்டே கவிதா சுருட்டி வச்ச கயித்தப் பிரிச்சா.

"குடுடி ஒன் கண்ணாடிய"ன்னேன்.

தண்ணியில எறங்கி மூஞ்சிய வச்சேன். மொதல்ல என் மூச்சுச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு, பால் பொங்குற மாதிரி. கீழ மஞ்சக் கோடு போட்ட மீனுங்க, என்னைச் சட்டையே பண்ணாம போச்சுங்க. ஆனா நான் அம்மாவுக்கு நன்றி சொல்றது அந்த மீனுக்காக இல்ல. பதிமூணு வயசுலருந்து கூடை தொங்கின என் முதுகுல அப்ப பாரமே இல்ல. கூடை இல்லாத நாள்லயும் இருக்கிற அந்தப் பாரம். தண்ணி என்னை முழுங்கல, ஏந்திக்கிட்டிருந்துச்சு. கவிதா ஒரு பழைய கண்ணாடிய மாட்டிக்கிட்டு எனக்குக் கீழ முங்கினா. என் நெஞ்சு நின்னுருச்சு. அவ மல்லாக்கத் திரும்பி என்னைப் பாத்தா. நம்ம சரிவுல கூடையோட நான் எறங்குற மாதிரி, எங்க கால் வைக்கணும்னு தெரிஞ்சவ மாதிரி, மெதுவா மேல வந்தா.

படகுல ஏறினதும் வாந்தி எடுத்தேன். அதையும் சொல்லிடுறேன்.

"என்னம்மா, துணி எடுக்கவா?"ன்னு கேட்டா.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்கன்னியே, அவங்கள யாரு பாக்கிறது? கரைக்கு வந்ததும் போன் எடு. அது போதும்."

இப்ப சாயங்காலமானா போன் எடுக்கிறா. சில நாள் அவளே அடிக்கிறா. மழைக்கு இன்னமும் பயந்தான், பஸ்ஸுக்கும் பயந்தான். ஆனா ராத்திரி தூங்குறேன். வெள்ளிக்கிழமை அம்மா முன்னால நின்னா, புள்ளையத் திருப்பிக் குடுன்னு கேக்கிறதில்ல. அவ கூட இரு தாயேன்னு கேக்கிறேன்.

என்னை மாதிரி பயந்து சாகுற அக்கா தங்கச்சிமாருங்களே, பயம் போகட்டும், அப்புறம் எறங்கலாம்னு உக்காந்திருக்காதீங்க. அது போகாது. நடுங்கிக்கிட்டே அம்மாவ நம்பி எறங்குங்க. தப்பா வேண்டிட்டா திரும்பப் போயி மாத்தி வேண்டுங்க. அவ கோவிச்சுக்க மாட்டா, என்னைக் கோவிச்சுக்கல.

நஸீரோட அந்த நல்ல கண்ணாடிதான் கடலோட போயிருச்சு. காசு வேணாம்க்கான்னுதான் சொன்னாரு, மனசு கேக்கல. அதோட வெலையில பாதிய என் சம்பளத்துலருந்து குடுத்தனுப்பிட்டேன். இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா பாக்கி இருக்கு.