சர்ச் முற்றமும் கியர் எண்ணெயும்

ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயின் அளவை, காரைச் சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் மேட்டுக் கிராமத்தில் சமதளம் என்றால் சர்ச் முற்றம்தான். அனுமதி கேட்டுச் சர்ச் கமிட்டிக்கு முறைப்படி எழுதினேன், பதில் இல்லை. சர்வீஸ் சென்டரில் விடச் சொன்னாள் மனைவி. நான் கேட்காமல் சரிவான வீட்டு முற்றத்திலேயே எண்ணெயை மாற்றினேன். அளவு குறைந்து, கார் ஏற்றத்தில் நகரவில்லை. மகளுக்கோ எந்த நேரமும் பிரசவ வலி வரலாம்.

“எல்லா விதியும் தெரிஞ்ச ஆளாக்கும்!” என்றாள் மனைவி.

சர்ச் காவல்காரரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். “சாரே, இங்க ரப்பர் ஷீட்டு காயப்போடுதவன் ஆரும் கடுதாசி எழுதல்ல. வண்டியத் தள்ளிட்டு வாரும்.”

அங்கே நிறுத்தி, நானே அளவைச் சரிசெய்தேன். மறுநாள் அதே காரில் மகளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஏற்றத்தில் ஒரு குலுக்கல்கூட இல்லை.

கமிட்டியின் அனுமதி வந்தது, பேரனின் ஞானஸ்நானத்தன்று.