மாமனாரின் அம்பாசிடர்

என் சகலையைக் கண்டால் எனக்கு ஆகாது. மனைவியின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அவன் ஒரு தப்பும் செய்ததில்லை, அதுதான் காரணம். பெங்களூரில் கார் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர். சுரங்க ஊரான கோரமண்டலில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு அவன் வந்தால் மாமியார் குழம்பில் கறித்துண்டுகளைத் தேடித்தேடிப் போடுவார். தினமும் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய்வரும் எனக்கு எலும்பு.

மாமனார் போன பிறகு அவருடைய அம்பாசிடர் ஷெட்டிலேயே கிடந்தது. "யாரு ஸ்டார்ட் பண்றீங்களோ அவங்களே எடுத்துனு போங்க" என்று மாமியார் ஒருநாள் சொல்லிவிட்டார். நான் விடுவேனா? நான்கு ஞாயிறு சர்ச்சுக்கு மட்டம் போட்டேன். புது பேட்டரி வைத்தேன், பிளக்குகளை மாற்றினேன், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். இன்ஜின் சுற்றியது, பிளக்கில் பொறி மட்டும் வரவில்லை.

ஐந்தாவது ஞாயிறு சகலை வருவதாக போன் வந்தது. வயிறு எரிந்தது. பத்து நிமிஷத்தில் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். எல்லோரும் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவு சாமான்தான். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. திருட்டுக்குப் பயந்து மாமனாரே வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அதைக் கழற்றி, சுரங்கத்து ஷிஃப்ட் டோக்கனைப் போல வீட்டுக்குள் பத்திரமாக வைப்பார்.

சகலை வந்தான். குடும்பமே சுற்றி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான். தன் டூல் பையிலிருந்து ஒரு புது கண்டன்சரை எடுத்து, பாயின்ட்டோடு இருந்த பழையதை மாற்றினான். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒயரை இன்ஜின் அருகே பிடித்துக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னான். நீலமாகப் பொறி தெறித்தது. கண்டன்சர் போயிருக்கும் என்று நான்கு ஞாயிறும் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா மாதிரியே பத்திரமா கழட்டி வச்சிட்டீங்களாண்ணா? மாட்டிடுங்க. நான் அத்தைகிட்ட பேசினு இருக்கேன்."

மாமியாரையும் மற்றவர்களையும் வீட்டுப் பக்கம் திருப்பி ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். நான் ரோட்டரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. முதலில் கைதட்டியவன் அவன்தான். அண்ணன்தான் நாலு வாரமாக உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார், வண்டி அவருக்குத்தான் என்று மாமியாரிடம் சொன்னான். அவரும் சரி என்றார்.

வண்டி இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவன் என் பையைத் துழாவியிருந்தால் என் பொறாமை அதோடு தீர்ந்திருக்கும். காட்டிக்கொடுக்காமல் விட்டானே, அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்படுகிறேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.