மேஸ்திரியின் மீசைக்காகத் தூக்கிப் பிடித்த போன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கும் பெண்ணுக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பிழைக்க வந்த வடக்கத்தி ஊரில், சாங்வி பகுதி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி நிக்டி பகுதியில் இருக்கும் சைட்டுக்குள் நுழையும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் நுழைவேன்.

கேமரா வைத்த செல்போன் வந்த புதிது. வீட்டுக்காரர் ஒன்று வாங்கித் தந்தார். பிள்ளைகளைப் படம் எடுப்பேன் என்று நினைத்தார், பாவம். நான் எடுத்ததெல்லாம் கம்பி. கான்கிரீட் கொட்டிவிட்டால் உள்ளே கம்பி எப்படிக் கட்டியிருந்தது என்று எந்தக் கொம்பனாலும் பார்க்க முடியாது. அதனால் கொட்டுவதற்கு முன்பே மூலை மூலையாகப் படம் பிடித்து, சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாடிக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டு வைப்பேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. முதலாளிக்கு ஒரே சிரிப்பு. "மேடம், கல்யாண ஆல்பமா?" என்று இந்தியில் கேட்பார்.

கம்பி வேலை மேஸ்திரி தர்மபுரிக்காரர். அவரும் அவருடைய ஆட்களும்தான் அந்த சைட்டில் எனக்குத் தமிழ். நான் போனை எடுத்தால் போதும், மனிதர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துவிடுவார். மூன்றாம் மாடி மூலை பால்கனியிலும் அதே கூத்துதான்.

"நகருங்க மேஸ்திரி. உங்க மூஞ்சி யாருக்கு வேணும்? எனக்குக் கம்பி வேணும்."

"கட்டினவன் இல்லாம கம்பி மட்டும் எதுக்குக்கா? மாப்பிள்ளை இல்லாத கல்யாண போட்டோவா?"

"ஆமா, இந்த மூஞ்சிக்கு மாப்பிள்ளை வேஷம் ஒண்ணுதான் குறைச்சல்! சரி, நில்லுங்க, தொலையுது."

மீசையும் விழட்டும் என்று போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஒன்று எடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, பூச்சு வேலையும் முடிந்த பிறகு, அதே பால்கனி அறையோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. டிசைன் இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். பால்கனி அந்தரத்தில் நிற்பது. அதன் கம்பி அறைக்குள் நெடுந்தூரம் ஓடினால்தான் அதைப் பிடித்து நிறுத்தும். அவர் விரிசலைப் பார்த்தார், "கம்பியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள், இடித்துவிடுங்கள்" என்றார். முதலாளி ஒரு படி மேலே போனார். மிச்சக் கம்பியை மேஸ்திரி விற்றிருப்பான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். முகம் செத்துப்போயிருந்தது.

"இடிக்கிறதுன்னா இடிக்கட்டும்க்கா. திருட்டுப் பட்டத்தோட போனா, இனிமே எந்த சைட்ல என்னை உள்ள விடுவாங்க? என்னை நம்பி வந்த பசங்க எங்க போவாங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "யாரும் சுத்தியலைத் தொடக் கூடாது. முதல்ல வந்து பாருங்க" என்று இந்தியில் ஒரு கத்துக் கத்தி, இரண்டு பேரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஃபோல்டரைத் திறந்தேன். கம்பி, கம்பி, கம்பி. டிசைன் இன்ஜினியர் நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. இது அந்த பால்கனிதான் என்று எப்படி நம்புவது?" நியாயமான கேள்விதான். ஃபோல்டரின் பெயரை நான் எப்படி வேண்டுமானாலும் வைத்திருக்கலாமே. மவுஸை இன்னொரு தட்டுத் தட்டினேன்.

அடுத்த படம் வந்தது. மேஸ்திரி, கையில் சீப்போடு. காலடியில் கம்பிகள் பால்கனியிலிருந்து அறைக்குள் வரிசையாக ஓடியிருந்தன. மீசைக்காகப் போனைத் தூக்கினேனே, அதனால் பின்னால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் விழுந்திருந்தது, சரியாக அவர் தோள் உயரத்தில். அந்தத் தொட்டி அப்படித் தெரிவது ஒரே இடத்திலிருந்துதான்.

"அரே, இது நம்ம மூணாவது மாடி மூலை!" என்று முதலாளியே கத்திவிட்டார்.

பிறகுதான் டிசைன் இன்ஜினியருக்குப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றியது. விரிசல் பூச்சோடு நின்றிருந்தது. உள்ளே கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி மேஸ்திரியின் தோளில் கை போட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். இனி நம் எல்லா சைட்டிலும் மேடம் மாதிரி படம் எடுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைதான், மறைப்பானேன்? இன்ஜினியர் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை.

அதே கட்டடத்தின் அடுத்த விங்கில் கூரைக் கம்பி கட்டி முடித்ததும் போனோடு போனேன். மேஸ்திரி தன் ஆட்களையும் தள்ளிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

"நீங்க எடுங்கக்கா. நாங்க மறைக்கல."

"எங்க போறீங்க மேஸ்திரி? நடுவுல வந்து நில்லுங்க. சீப்பு எங்க?"

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டைத் தடவினார். "டேய், எல்லாரும் வாங்கடா, அக்கா கூப்பிடுறாங்க!" என்றார். நான் போனை நன்றாகவே தூக்கிப் பிடித்தேன்.