குகை லாமாக்களுக்கு ஊட்டியவள்

2009 ஆகஸ்ட் முதல் தேதி விடிந்ததும் லியோகாடியா காட்டாகோரா குகை லாமாக்களுக்கு ஊட்டப் போனாள். ஐம்பத்திரண்டு வயது, விதவை. அதுவே கடைசித் தடவை என்று அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்டில் பூமி வாயைத் திறந்துகொண்டு பசியோடு கிடக்கும். வீலா கார்க்கா என்ற அந்த மலையூரில் அதற்கு எல்லோரும் ஏதாவது கொடுப்பார்கள்: கோக்கா இலை, சாராயம், இனிப்பு. ஆனால் பழங்காலத்தில் வரையப்பட்டுக் குகைச் சுவரில் நிற்கும் சிவப்பு லாமாக்களுக்கு ஊட்டுவது யுஃப்ரா குடும்பத்தில் மூத்தவன் வீட்டின் பொறுப்பு. குகைக்குக் கீழே உள்ள ஈரப்புல்வெளி அவர்களுடையது. புல்லைத் தின்கிறவர்கள்தான் சுவரில் இருப்பவற்றுக்கும் ஊட்ட வேண்டும். மூத்தவனான கணவன் ஹிலாரியோ இறந்த பிறகு அதை லியோகாடியா செய்தாள். லாமாக் கொழுப்பை உருக்கிச் செம்மண்ணைக் குழைத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விரலால் தடவுவாள். சுவரில் நிறம் மங்கினால் கீழே மந்தை மெலியும். ஊரில் இதைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை.

ஜூலைக்குப் பிறகு அந்த மலையில் பச்சையாக மிஞ்சுவது அந்தப் புல்வெளி மட்டும்தான். லியோகாடியாவின் அல்பாக்காக்கள், லாமாவைப் போன்ற அந்தக் கம்பளி விலங்குகள், மழை வரும்வரை அதை நம்பித்தான் உயிரோடிருந்தன. அவளும்தான்.

அந்த வருஷம் கொழுப்பைக் கொடுத்தவன் கொழுந்தன் தெல்ஃபின். ஊர்த் தலைவரும் அவனே.

"என்னோட நல்ல லாமா மதினி. கஞ்சத்தனம் பண்ணாம பூசுங்க. போன வருஷம் அதுங்க என் மந்தைய ஏறெடுத்தும் பாக்கல."

"பூசுறது நான், வரம் கேக்குறது நீ. நல்ல கூட்டுதான் தம்பி."

மற்ற வீட்டுப் பெண்களும் தங்கள் மந்தையின் காதில் கட்டும் வண்ணக் கம்பளிக் குஞ்சங்களை அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். அவற்றைக் குகையில் ஒரு மண்சட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் நகரத்திலிருந்து தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். வரவழைத்தவன் தெல்ஃபின். பழைய ஓவியம் என்று பதிவானால் சாலை வரும், சாலை வந்தால் பயணிகள் வருவார்கள், சாப்பாட்டுக் கடை போடலாம் என்பது அவன் கணக்கு. ஊருக்கும் அதில் ஆசைதான். அதிகாரி அம்மாள் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பஞ்சை எடுத்து ஒரு லாமாவின் வயிற்றில் ஒற்றினார். பஞ்சு சிவந்தது. முகர்ந்து பார்த்தார். கொழுப்பு வாசனை.

யார் பூசியது என்று கேட்டார். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். பழைய ஓவியத்தின் மேல் பூசுவது குற்றம், ஊரே சேர்ந்து செய்திருந்தால் ஊர் மேலேயே வழக்கு, பதிவும் கிடையாது என்றார்.

தெல்ஃபின் மதினியைப் பாறைக்குப் பின்னால் அழைத்துப் போனான்.

"நீங்க ஒருத்திதான்னு சொல்லிடுங்க. கெழவி தெரியாம பண்ணிட்டான்னு திட்டிட்டுப் போயிடுவாங்க."

"நான் கெழவியா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"புல்லு?"

"புல்லு உங்களுது. செத்த அண்ணன் மேல சத்தியம்."

லியோகாடியாவுக்கு ஸ்பானிஷ் வராது. அதிகாரி முன் நின்று, தன் மொழியான ஐமாராவில், "நான்தான் ஊட்டினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தெல்ஃபின் மொழிபெயர்த்தது அதைவிட நீளமாக இருந்தது: ஊர் பலமுறை தடுத்தது, இவள் கேட்கவில்லை, இவளுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை. பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. யாரும் திருத்தவில்லை.

அக்டோபரில் பள்ளி மைதானத்தில் ஊர்க்கூட்டம். வழக்கு லியோகாடியா பேரில் மட்டும் என்று தகவல் வந்திருந்தது. குகைக்கு இரும்புக் கதவு போட அனுமதியும் வந்திருந்தது. தெல்ஃபின் எழுந்து, ஊர்ச் சொத்தைக் கெடுத்தவருக்கு மேய்ச்சல் உரிமை கிடையாது, இது நம் பழைய விதி என்றான்.

லியோகாடியா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "கொழுப்பு யாரு லாமாவோடது தம்பி?"

"அது உங்க முட்டி வலிக்குக் குடுத்தது மதினி."

கூட்டம் சிரித்தது.

"முட்டியக் கழட்டிக் குகையில வெச்சிருக்காங்க போல," என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு இன்னும் ஏறியது. குஞ்சம் கொடுத்தனுப்பிய பெண்களும் வாயைப் போர்வையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னதும் தூக்கினார்கள். பக்கத்து வீட்டு பெனிட்டா தரையைப் பார்த்தபடி தூக்கினாள். புல்வெளி, அதை ஒட்டி நிலம் வைத்திருந்த வீட்டுக்குப் போனது. அது தெல்ஃபின் வீடு.

மழை வரவில்லை. லியோகாடியா மந்தையைச் சாலையோரக் காய்ந்த புல்லுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சினை அல்பாக்காக்கள் அதைத் தின்று கருவைப் போட்டன. மற்றவை அவள் கண் அயர்ந்தபோதெல்லாம் பழைய பச்சையைத் தேடித் தாமாகவே நடந்தன. தெல்ஃபின் நாய்களை அவிழ்த்துவிட்டான். கால் கிழிந்து திரும்பியவற்றை அவள் சாம்பல் வைத்துக் கட்டினாள். நவம்பரில் கசாப்பு லாரியைக் கூப்பிட்டாள். லாரிக்காரன் ஏற்றுவதற்கு முன் காதுக் குஞ்சங்களை அறுத்து மண்ணில் போட்டான்.

"கறிக்குப் பூ எதுக்கும்மா?"

அவள் அவற்றைப் பொறுக்கவில்லை.

இப்போது தாக்னா நகரத்துப் பேருந்து நிலையத்தில் அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விற்கிறாள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

சாலை பாதிவரை வந்து நின்றுவிட்டது. பிப்ரவரி ஆலங்கட்டி மழையில் தெல்ஃபினின் குட்டிகள் செத்தன. தப்பியவை ஜூன் உறைபனியில் போயின. இந்த ஜூலைக் கடைசியில் அவன் பேருந்து நிலையத்துக்கு வந்து அவள் கூடை முன்னால் குந்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"வியாபாரம் எப்படி மதினி?"

"பசிக்கிறவன் வாங்குறான். உனக்கு என்ன பசி?"

அவன் ஒரு கிழங்கை வாங்கித் தோலை உரித்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

"குட்டி ஒண்ணும் நிக்கல. புல்லு முட்டி உசரத்துக்கு நிக்குது, தின்னுட்டு சாவுதுங்க. எதுக்கு முதல்ல ஊட்டணும் மதினி? என்ன பேரு சொல்லிக் கூப்பிடணும்? அண்ணன் எனக்குச் சொல்லவேயில்ல."

"கதவு போட்டிருக்கியே."

"சாவி என்கிட்டதான் இருக்கு."

"கொழுப்பு?"

"உருக்கி வெச்சிருக்கேன்."

"முட்டியில தடவிக்க," என்றாள்.

அவள் மேலே ஏதாவது சொல்வாள் என்று அவன் இளித்தபடி காத்திருந்தான். அரேக்கிப்பா பேருந்து வந்து நின்றது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களுக்குக் கீழே போனாள்.

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் தெல்ஃபின் கதவைத் திறந்தான். எது முதல், எது பின் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் பூசினான். பெயர் தெரியாததால் கூப்பிடவில்லை. செம்மண் ஓவியத்தின் கோடுகளைத் தாண்டித் தரைவரை வழிந்திருக்கிறது. கதவுக்கம்பி வழியாகப் பார்த்தவர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவன் மாட்டினாலும் புல்வெளி லியோகாடியாவுக்குத் திரும்பாது. ஊரை விட்டுப் போனவர்களுக்கு மேய்ச்சல் உரிமை இல்லை. செப்டம்பரில் அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள்.