காட்டிலந்தைக் கிளை

உங்கள் அப்பா செத்துக் கிடக்கும் இடத்தில் நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தினமும் சிரிக்கவைக்க உங்களால் முடியுமா?

மொகாடியால் முடிகிறது. "தலையைக் குனிஞ்சு வாங்க! இந்தப் பாறைக்கு வெளியூர்க்காரங்க மண்டைன்னா ரொம்பப் பிடிக்கும்." முபுமலங்கா மாகாண மலையிலுள்ள பழைய தங்கச் சுரங்கத்துக்குள் விளக்கோடு அவள் முன்னே நடப்பாள். ஐம்பது தாண்டியவள். தலைக்கவசத்துக்கு அடியில் சிவப்புத் துணி, கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

சுரங்கம் மூடியதும் ஊரும் செத்தது. தகரக் கூரைகளுக்குச் சாயம் பூசி, வெள்ளை முதலாளியின் சவரக் கிண்ணம்வரை கண்ணாடிக்குள் வைத்த பிறகு பேருந்துகள் வரத் தொடங்கின. முதலாளியின் நாய்க்குக்கூடப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. பாறை சரிந்து புதைந்த கறுப்புத் தொழிலாளிகளுக்கு, சரிந்த பாதையை அடைத்த ஒரு செங்கல் சுவர், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருக்கிறார் அவள் அப்பா லெசிபா. அந்தச் சுவரருகே நின்றுதான், "தங்கம் இத்தோட தீர்ந்துபோச்சு, வாங்க அப்பம் தின்னப் போலாம்" என்று அவள் முடிக்க வேண்டும். நிர்வாகம் எழுதிக்கொடுத்த வசனம்.

வீட்டில் அம்மா படுத்த படுக்கை. "நான் போறதுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வந்துடுடி."

இறந்த இடத்துக்குக் காட்டிலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லி அழைத்து, ஆவியைக் கிளையில் ஏற்றிக்கொண்டு, வீடு சேரும்வரை வேறு யாரோடும் பேசாமல் வர வேண்டும். அது அவர்கள் வழக்கம். உண்மையில் கிளையில் எந்த ஆவியும் ஏறாது. ஆனால் சுவருக்குப் பின்னால் எலும்பு கிடக்கிறது. அதை எடுத்துத் தராதவர்கள் அவளுக்கு விட்டுவைத்தது அந்தக் கிளை ஒன்றைத்தான்.

போன ஞாயிறு விடியலில் போனாள். சுவரைத் தொட்டு, "லெசிபா, எந்திரிங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். கிளையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள். சீக்கிரமே வந்துவிட்ட பயணி ஒருவன் கையசைத்து வணக்கம் சொன்னான்.

"வாங்க வாங்க, தலையைக் குனிஞ்சு வாங்க!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சீட்டு விற்கும் ஹுனாடி ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, பேசிட்டியா!"

"பேசிட்டேன்டி. சம்பளம் குடுத்துப் பழக்கின வாயாச்சே, சும்மா இருக்குமா?"

கிளையைச் சுவரடியில் திரும்ப வைத்துவிட்டு அன்றும் ஐந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்தாள்.

புதுக் கிளை வெட்டிவிட்டாள். நீங்கள் அங்கே போனால், நாயின் கல்லறையைப் பார்த்தது போதுமென்று, சுவருக்குப் பின்னால் யார் யார் என அலுவலகத்தில் உரக்கக் கேளுங்கள். ஆனால் சிவப்புத் துணியால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு, கிளையோடு ஒரு பெண் எதிரே வந்தால் மட்டும் வணக்கம் சொல்லாதீர்கள். விலகி வழிவிடுங்கள்.