தாம்பரத்தில் ஒரு சர்வதேசப் பத்திரிகை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எதிர் ஃபிளாட்டுப் பெண் ஷமீம், ஒரு கையில் கிண்ணம் நிறைய தம்ரூட் இனிப்பு, இன்னொரு கையில் பிரிண்ட்-அவுட் சகிதம் எங்கள் வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, என் பேப்பர் வந்துடுச்சு! இன்டர்நேஷனல் ஜர்னல்ல!"

இது நடந்தது போன ஜூனில். இத்தனை நாள் இந்தப் பத்தியில் எழுதாமல் வைத்திருந்தேன். முடிவு தெரியட்டும் என்றுதான்.

ஷமீம், கூடுவாஞ்சேரி தாண்டி இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். இரண்டு வருடமாக சனிக்கிழமை ஆனால் போதும், ஸ்கூட்டியில் காலி பாட்டில்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரப்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை நாற்பது கிணறுகள், போர்வெல்கள். ஜி.எஸ்.டி. ரோடு ஓரமெல்லாம் மனை பிரித்து விற்கிறார்களே... அங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? அதுதான் அவருடைய ஆராய்ச்சி. சில லேஅவுட்களில் நைட்ரேட் கண்டபடி இருந்தது. கைக்குழந்தைகளுக்கு ஆகவே ஆகாத தண்ணீர்.

நான் தம்ரூட்டை எடுத்துக்கொண்டேன். என் மனைவி கல்யாணி பிரிண்ட்-அவுட்டை எடுத்துக்கொண்டாள். அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் கண்ணுக்கு லீவு கிடையாது.

"ஷமீம்... ஒரு சின்ன சந்தேகம். மூணாம் பக்கம் டேபிள்ல, இந்தக் கிணத்துத் தண்ணிக்கு பி.எச். எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கே?"

என்னைப் போன்ற ஆர்ட்ஸ் குரூப் ஆசாமிகளுக்காக ஒரு வரி. பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று பார்க்கிற அளவு. நாம் படித்த அளவுகோல் பதினாலோடு முடிந்துவிடும். எழுபத்தொன்று என்பது, ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் ஐந்நூறு டிகிரி காட்டுகிற மாதிரி!

ஷமீமின் சிரிப்பு இறங்கிவிட்டது. "ஏழு புள்ளி ஒண்ணு அக்கா. டைப் பண்றப்ப புள்ளி விட்டுப்போச்சு."

"அது சரி, யாருக்கும் விட்டுப்போகும். ஆனா ரெண்டு எக்ஸ்பர்ட் படிச்சுப் பார்த்துதான் போட்டாங்கன்னு சொன்னியே?"

ஷமீம் தலை குனிந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரப்போகிறது. ஒரு மாதத்துக்குள் எல்லோரிடமும் ஒரு இன்டர்நேஷனல் பேப்பர் இருக்க வேண்டும் என்று பிரின்ஸிபால் சர்க்குலர் விட்டுவிட்டார். ஸ்டாஃப் ரூமில் யாரோ ஒரு லண்டன் பத்திரிகையின் ஈமெயிலைக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அனுப்பினார், வியாழக்கிழமை 'அக்செப்டட்'! இரண்டு நிபுணர்களின் கருத்தும் கூடவே வந்தது. முதல் நிபுணர்: 'எக்ஸலன்ட் பேப்பர்.' இரண்டாவது நிபுணர்: 'எக்ஸலன்ட் பேப்பர். கைண்ட்லி பே தி ஃபீஸ்.'

"ஃபாரின்காரங்க ஃபாஸ்ட்டுன்னு நினைச்சேன் அண்ணா," என்றார் ஷமீம், பாவமாக.

சரி, வேறு நல்ல பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுப் போகலாமே? முடியாதாம். ஓரிடத்தில் அச்சான கட்டுரையை இன்னோரிடத்துக்குப் புதுசு மாதிரி அனுப்புவது ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பெரிய பாவம். முதலில் இங்கிருந்து அதை எடுக்க வேண்டும். லண்டனுக்கு மூன்று ஈமெயில் போட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்: 'கங்ராஜுலேஷன்ஸ். உங்கள் அடுத்த பேப்பரை எதிர்பார்க்கிறோம்.'

பத்திரிகைக்காரர்கள் ஒரு சர்டிஃபிகேட்டும் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். ஷமீம் அந்தக் கவரைத் தேடி எடுத்து அனுப்புநர் முகவரியைப் பார்த்தார்.

மேற்குத் தாம்பரம்.

மறுநாள் சாயங்காலம் ஊரப்பாக்கத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து நானும் ஷமீமும் போனோம். முகவரியில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரரிடம், "இங்க சர்வதேசப் பத்திரிகை ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பத்திரிகையா சார்? மேலதான் கீது. கல்யாணமா, காதுகுத்தா?"

மாடிப்படி ஏறினோம். சுவரெல்லாம் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை சாம்பிள்கள். அதற்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர், அதன் எதிரே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

"டாக்டர் ரிச்சர்டைப் பார்க்கணும்," என்றார் ஷமீம். வெப்சைட்டில் அதுதான் தலைமை ஆசிரியர் பெயர்.

அவர் எங்களைப் பார்த்தார். ஷமீமின் கையிலிருந்த கூரியர் கவரைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"உக்காருங்க மேடம். ரிச்சர்டுன்னு யாரும் இல்ல. என் பேரு ரவிச்சந்திரன். ரவிச்சந்திரன்னு போட்டா ஒருத்தரும் பேப்பர் அனுப்ப மாட்டேன்றாங்க."

திட்டுவதற்காக வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இப்படி நேர்மையாகப் பதில் சொன்னால் மனுஷன் எங்கிருந்து ஆரம்பிப்பது?

விஷயத்தைச் சொன்னதும் ரவிச்சந்திரன் சுறுசுறுப்பானார். "புள்ளிதானே மேடம்? ரெண்டு நிமிஷத்துல வெச்சுடறேன். உங்களுக்காக ஃப்ரீ!"

"புள்ளி வேணாம். மொத்தமா எடுத்துடுங்க. எடுத்துட்டோம்னு ஒரு லெட்டரும் குடுங்க."

"எடுக்கறதா? இதுவரைக்கும் போடச் சொல்லித்தான் மேடம் வந்திருக்காங்க. உங்க காலேஜ்லேர்ந்தே இருபத்திரண்டு பேப்பர் வந்திருக்கு. ஒருத்தராவது 'படிச்சுப் பார்த்தீங்களா'ன்னு கேட்டிருப்பாங்களா? 'எப்ப வரும், எப்ப வரும்'... அவ்ளோதான்."

ஷமீம் விடவில்லை. "சார், அந்த டேபிள்ல இருக்கற போர்வெல் தண்ணியைத்தான் நிறைய வீட்டுல குழந்தைங்களுக்குப் பால் கரைக்கறாங்க. நாளைக்கு நான் பஞ்சாயத்துல போய் 'இந்தத் தண்ணி சரியில்ல'ன்னு சொன்னா, 'பி.எச். எழுபத்தொண்ணுன்னு எழுதின அம்மாதானே நீங்க'ன்னு கேப்பாங்க. யாரு அப்புறம் என்னை நம்புவாங்க?"

ரவிச்சந்திரன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம், "எனக்கும் மடிப்பாக்கத்துல போர்வெல்தான் மேடம்," என்றார். கட்டுரையை எங்கள் கண் முன்னாலேயே வெப்சைட்டிலிருந்து நீக்கினார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாபஸ் கடிதத்துக்கு அவரிடம் மாதிரியே கிடையாது! நானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவர், கையெழுத்துப் போடாமல் என்னையே பார்த்தார்.

"சார் ரைட்டரா? உங்க பேரை எடிட்டோரியல் போர்டுல போட்டுக்கட்டுமா? 'புரொஃபசர்'னு சேர்த்துப் போட்டுடலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. புரொஃபசர்... லண்டன்... ஷமீம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம் சார்," என்றேன்.

கடிதம் கைக்கு வந்துவிட்டது. கஷ்டமான வேலை இனிமேல்தான் இருந்தது. கமிட்டிக்குக் காட்டுகிற பட்டியலில் ஷமீமின் கட்டுரை ஏற்கெனவே ஏறியிருந்தது. மறுநாள் பிரின்ஸிபாலிடம் போய் அதை எடுத்துவிடச் சொன்னார்.

"எதுக்கும்மா பேஜார்? கமிட்டி பேப்பரை எண்ணுவாங்க. படிக்க மாட்டாங்க."

"நான் படிச்சிட்டேனே சார்."

பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் ஷமீமுக்கு வர வேண்டிய அசிஸ்டன்ட் புரொஃபசர் பதவியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மீதி இருபத்தொரு பேரும் சர்வதேச அறிஞர்களாகவே இருக்கிறார்கள். கமிட்டி பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. ஷமீம் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கல்யாணியிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, "அக்கா, ஒரு புள்ளி விடாம பாருங்க," என்று கட்டுரையை மேஜையில் வைத்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு ஒரு நிஜமான பத்திரிகைக்கு, வாபஸ் கடிதத்தையும் இணைத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினார். ஜூலை போயிற்று. தீபாவளி போயிற்று. பதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஷமீம் ஓடி வந்து காலிங் பெல்லை அழுத்திய அழுத்தில் நான் பதறிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"அண்ணா! ரிஜெக்ட் பண்ணிட்டாங்க அண்ணா!"

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுதாபப்படுவதா, கை குலுக்குவதா?

"மூணு பக்கம் எழுதியிருக்காங்க! இருபத்தேழாவது கிணத்துல மழைக்காலத்துத் தண்ணி ஏன் எடுக்கலைன்னு கேக்கறாங்க. நைட்ரேட் எங்கேர்ந்து வருதுன்னு நான் சொல்ற காரணத்துக்கு ஆதாரம் பத்தாதாம். எல்லாத்தையும் சரி பண்ணினா மறுபடி அனுப்பலாமாம்..." மூச்சு வாங்கியது. "படிச்சிருக்காங்க அண்ணா. ஒரு வரி விடாம படிச்சிருக்காங்க!"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. கல்யாணி அந்த மூன்று பக்கத்தையும் வாங்கி, பத்திரமாக ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தாள். இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அந்த இருபத்தேழாவது கிணற்றுக்குப் போகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், நம்மை உட்கார்ந்து படித்துக் குறை சொல்ல இரண்டு பேர் கிடைப்பது சாதாரண மரியாதையா என்ன? பாராட்டுவதற்குத்தான் படிக்கவே வேண்டியதில்லையே.

பதினோரு வருடமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை... இப்போதுதான் லேசாகக் கவலையாக இருக்கிறது!